பகுதியில் இருக்கிறது சங்கதி

எங்கள் சித்திக்குத் தன் பிறந்த ஊர் எது என்று அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

மகன் அமெரிக்காவில். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள கிரீன் கார்டுக்கு எழுதிப்போட்டான். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே மயிலாப்பூர் என்றுதான் சித்தி நினைத்திருந்தார். 1942-ஆம் வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டியதில் சித்தியின் பெயர் இல்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெயர் வைப்பதற்கு முன்பே தகவல் கொடுத்துவிடுவார்கள் என்பதால் பழைய பதிவேடுகளில் பெயர்க் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அப்பா பெயர், தெரு, தேதி, ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் தேட வேண்டும். தாத்தா பெயரை வைத்துத் தேடியும் அந்த வருஷத்தில் ஒன்றும் சிக்கவில்லை. சித்திக்கு முன்னால் பிறந்த இரண்டு மாமாக்களுக்கும் பதிவு இருந்தது. 1945-ல் பிறந்த கடைசி மாமாவுக்கும் இருந்தது. நடுவில் சித்தியை மட்டும் காணோம்.

பிறகு பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து ஜாதகம் வந்தது. மஞ்சள் தடவிய நோட்டு. சித்ரபானு வருஷம், ஆனி மாதம். ஜனன ஸ்தலம் கும்பகோணம்.

என் அம்மா கும்பகோணத்தில் பிறந்தது சரி, தலைப்பிரசவம் தாய்வீட்டில். நாலாவது பிரசவத்துக்குப் பாட்டி எதற்குப் போக வேண்டும்? பாட்டிக்கு அப்போது தொண்ணூறு தாண்டியிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது மறந்துவிடும், இது மறக்கவில்லை. "எவாக்குவேஷன்ல பொறந்தவடா அவ."

ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் இதோடு முடிந்திருக்கும். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வீட்டுக்கு வீடு இதே கதை. அப்படியானால் அந்த வருஷத்துப் பட்டணத்தின் பிறப்பு இறப்புக் கணக்கு என்ன ஆகியிருக்கும்? யுத்தம் முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகு, "பிறப்பு கூடியது, சாவு குறைந்தது" என்று ஒரு அட்டவணை சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பூட்டுத் தொங்கிய தெருக்கள்

1942 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திருகோணமலை. வரைபடத்தில் இந்த ஊர்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால் நடுவில் நிற்பது சென்னை. மார்ச்சிலேயே ரங்கூன் விழுந்திருந்தது. பர்மாவிலிருந்து உடுத்திய துணியோடு தமிழர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் சொன்ன கதைகளும் கூடவே இறங்கின. நகரத்தில் வேலை இல்லாதவர்கள் வெளியேறுவது நல்லது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிச் சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டார்கள்.

பட்டணத்துக்கு இது புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோதும் மூட்டை கட்டினார்கள். கெட்டிக்காரனை, பயமுறுத்துகிறவனை "சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கம் அன்றைக்கு வந்ததுதான். 1942-ல் வந்த கிலி அதைவிடப் பெரியது. மாம்பலத்தில் வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் போனவர்களின் கதை இன்றும் தி.நகர்க் குடும்பங்களில் ஓடும், பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடு.

எதிர்பார்த்த கப்பற்படை வரவில்லை. சில மாதங்களில் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பான் விமானம் ஒன்று துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அந்த மாதம் பெய்த பேய்மழையிலும் வெள்ளத்திலும் பலருக்கு அது தெரியவே இல்லை.

நம் கணக்குக்கு வேண்டியது இதுதான்: 1942 ஏப்ரலில் நகரத்தை விட்டுப் போனவர்கள் யார், இருந்தவர்கள் யார்? கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, கிழவர், கிழவி முதலில் ரயிலேறினார்கள். ஆபீஸ் குமாஸ்தா, துறைமுகத் தொழிலாளி, டிராம் கண்டக்டர், ஏ.ஆர்.பி. வார்டன் இருந்தார்கள். அதாவது பிள்ளை பெறுகிறவர்களும், சாகும் வயதுக்காரர்களும் போய்விட்டார்கள்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

ஐந்தாம் வகுப்பில் பின்னம் படித்திருப்பீர்கள். கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பிறப்பு விகிதம் என்பதும் ஒரு பின்னம்தான். ஒரு வருஷத்தில் பிறந்த குழந்தைகள் மேலே, அந்த ஊர் ஜனத்தொகை கீழே. ஆயிரம் பேருக்கு எவ்வளவு என்று சொல்வது வழக்கம். வயது, பால் எதையும் பார்க்காமல் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு வகுப்பதால் இதைக் கச்சா விகிதம் என்று சொல்லலாம்.

தொகுதி தினம் தினம் எழுதப்படுகிறது. பகுதியோ பத்து வருஷத்துக்கு ஒருமுறை சென்சஸ் வந்தால்தான் உண்டு, நடுவில் வரும் வருஷங்களுக்கு உத்தேசம்தான். சாதாரண காலத்தில் உத்தேசம் பெரிதாகத் தவறாது. ஏப்ரல் மாதம் பாதி ஊர் கிளம்பிப் போய்விட்டால்?

இதற்கு நடுவே இன்னொரு சங்கடம். 1941 சென்சஸ் யுத்தத்தின் நடுவில் எடுக்கப்பட்டது. அதை நடத்திய யீட்ஸ் என்ற அதிகாரிக்குச் சென்னை மாகாணம் அத்துப்படி, 1931-ல் இங்கே சென்சஸ் எடுத்தவரே அவர்தான். தலைகளை எண்ணி முடித்தார். ஆனால் வயதுவாரியாகப் பிரித்து அட்டவணை போடப் பணம் இல்லை என்று அரசு கையை விரித்துவிட்டது. ஐம்பது சீட்டுக்கு ஒரு சீட்டு என்று எடுத்து வைத்ததிலிருந்துதான் பிற்பாடு வயதுக் கணக்கைத் தேற்ற வேண்டியிருந்தது. நகரத்தில் 7,77,481 பேர் என்பது தெரியும். அதில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் ஒரு வட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் அவ்வளவு உறுதியாக வராது.

ஒரு வட்டத்தைக் கற்பனை செய்வோம்

மாம்பலத்தில் ஒரு வட்டம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் நான் கணக்குக்காக வைத்தவை, நிஜப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை அல்ல. மாம்பலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1920-களில் ஏரியைத் தூர்த்துப் போட்ட நகரம் அது, 1942-ல் குடித்தனக்காரர்களும் குழந்தைகளும் நிறைந்த புதுப் பேட்டை.

ஜனத்தொகை 25,000. அதில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் 6,000. வருஷத்துக்கு 1,000 குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரம் பேருக்கு 40 பிறப்பு.

எவாக்குவேஷன் வருஷம். வட்டத்தில் சராசரியாக 15,000 பேர்தான் இருந்தார்கள். பெண்களில் பாதி, 3,000 பேர். பிறந்த குழந்தைகள் 500.

சுகாதார அதிகாரி என்ன செய்வார்? அவர் கையில் இருப்பது பழைய 25,000. ஐந்நூறை அதால் வகுத்தால் ஆயிரத்துக்கு 20. பிறப்பு விகிதம் பாதியாகிவிட்டது என்று அறிக்கை போகும். கொஞ்சம் விவரமானவர், "ஊரில் 15,000 பேர்தானே இருந்தார்கள்?" என்று அதைக் கீழே போடுவார். ஆயிரத்துக்கு 33. சரிவு அவ்வளவு மோசமில்லை என்பார். மூன்றாவதாக ஒருவர் வந்து, குழந்தை பெறாதவர்களை எல்லாம் எதற்குக் கீழே போட வேண்டும், பெண்களை மட்டும் போடுங்கள் என்கிறார். முன்பு 6,000 பெண்களுக்கு 1,000 குழந்தை, ஆறில் ஒருவர் பெற்றார். இப்போது 3,000 பெண்களுக்கு 500. அதே ஆறில் ஒருவர். எதுவுமே மாறவில்லை!

அதே ஐந்நூறு குழந்தைகள்தான். கீழே போட்ட எண் மாற மாற, "பாதியானது", "கொஞ்சம் குறைந்தது", "அப்படியே இருக்கிறது" என்று மூன்று செய்திகள்.

சாவுக்கும் இதையே செய்து பாருங்கள். கைக்குழந்தைகளும் கிழவர்களும் இல்லாத, இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயது ஆண்கள் நிறைந்த ஊரில் யார் சாவார்கள்? பழைய 25,000-ஐக் கீழே போட்டால் இறப்பு விகிதம் தரைமட்டத்துக்கு இறங்கும். யுத்தம் வாசலுக்கு வந்த வருஷம்தான் மாம்பலம் ரொம்ப ஆரோக்கியமாக இருந்தது என்று ஒரு முட்டாள்தனமான முடிவுக்கு வரலாம். அடுத்த வருஷம் எல்லாரும் திரும்பி வந்ததும் சாவு "உயரும்". அதற்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க யாராவது கிளம்புவார்கள்.

சாகாத குழந்தைகள் எப்படிச் செத்தன?

இப்போது சொல்லப்போவது இந்த அத்தியாயத்திலேயே எனக்குப் பிடித்த கணக்கு. கச்சா விகிதத்தில் கோளாறு வருவதைப் புரிந்துகொள்ளலாம், ஜனத்தொகை தெரியாது. சிசு மரண விகிதத்துக்கு அந்த வம்பே இல்லை. ஒரு வருஷத்தில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் மேலே, அதே வருஷம் பிறந்த குழந்தைகள் கீழே. இரண்டும் பதிவேட்டில் இருப்பவை. சென்சஸ் வேண்டாம். அதனால்தான் ஒரு ஊரின் சுகாதாரத்தை அளக்க இதையே பெரிதாக நம்புவார்கள்.

1943-ல் நியமிக்கப்பட்ட போர் கமிட்டி இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்தது. யுத்தக் காலத்தில் வந்ததால் வந்த பெயர் அல்ல, தலைவர் பெயர் சர் ஜோசப் போர். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு முதல் இந்தியக் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். 1946-ல் வந்த அதன் அறிக்கையில், 1937-ஆம் வருஷம் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 162 சாவு என்று இருந்தது. 2020-ல் தமிழ்நாட்டுக்கு அந்த எண் 13. இதைப் படித்தாலே அந்தக் காலத்துப் பாட்டிகள் பெற்றதையும் இழந்ததையும் சேர்த்தே ஏன் எண்ணிச் சொன்னார்கள் என்று புரியும். "எட்டுப் பெத்தேன், அஞ்சு தங்கித்து."

நம் கற்பனை வட்டத்துக்கு வருவோம். வசதிக்காக ஆயிரத்துக்கு 200 என்று வைப்போம். வருஷம் 1,000 பிறப்பு, 200 சாவு. இந்த 200 பேரும் அதே வருஷம் பிறந்தவர்களா? டிசம்பர் 20-ல் பிறந்த குழந்தை பிப்ரவரியில் இறந்தால், பிறப்பு ஒரு வருஷக் கணக்கில், சாவு அடுத்த வருஷக் கணக்கில். ஆகவே 150 பேர் இந்த வருஷத்துக் குழந்தைகள், 50 பேர் போன வருஷத்துக் குழந்தைகள் என்று பிரிப்போம். வருஷா வருஷம் ஒரே அளவு பிறக்கும்வரை இதில் தொல்லை இல்லை.

திடீரென்று ஒரு வருஷம் பிறப்பு 500 ஆகிறது. குழந்தைகளுக்கு இருக்கும் ஆபத்து துளிகூட மாறவில்லை என்று வையுங்கள், அதே பால், அதே பேதி, அதே காய்ச்சல். இந்த வருஷத்துக் குழந்தைகளில் இறப்பவர்கள் பாதியாகி 75. போன வருஷத்து ஆயிரம் குழந்தைகளின் பாக்கி 50 அப்படியே வரும். மொத்தம் 125. கீழே 500. ஆயிரத்துக்கு 250!

இருநூறிலிருந்து இருநூற்றைம்பது. ஒரு குழந்தைகூட அதிகமாகச் சாகவில்லை. போன வருஷத்துச் சாவை இந்த வருஷத்துப் பிறப்பால் வகுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் எல்லாரும் திரும்பினார்கள், பிறப்பு 1,200. இந்த வருஷத்துக் குழந்தைகளில் 180 பேர் இறக்கிறார்கள். போன வருஷம் குறைவாகப் பிறந்ததால் பாக்கி 25. மொத்தம் 205. கீழே 1,200. ஆயிரத்துக்கு 171.

ஆக 200, 250, 171. வரைபடம் போட்டால் யுத்தத்தின் கொடுமையும் சமாதானத்தின் பலனும் பளிச்சென்று தெரியும். பால் வினியோகத் திட்டம் தொடங்கியவர் அதைக் காட்டிப் பாராட்டும் வாங்கிவிடுவார். நிஜத்தில் நடந்தது ஒன்றுமே இல்லை. (கைக்குழந்தைகளும் ஊரை விட்டுப் போனார்களே என்று நீங்கள் கேட்கலாம். போனார்கள். அந்தப் பாக்கி 50-ல் பல சாவுகள் தஞ்சாவூர்ப் பக்கம் எழுதப்பட்டிருக்கும். அதையும் சேர்த்தால் எண் வேறு பக்கம் ஆடும். ஒரு சமயத்தில் ஒரு கோளாறுதான் புரியும் என்பதால் விட்டுவிட்டேன்.)

இடம் மாறியவர்களும் பிறக்காதவர்களும்

பதிவேட்டில் ஒரு குழந்தை இல்லை என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். சித்தி மாதிரி வேறு ஊரில் பிறந்திருக்கலாம். அல்லது பிறக்கவே இல்லாமல் இருக்கலாம். முதலாவது வெறும் இடமாற்றம், நாட்டுக் கணக்கில் ஒன்றும் குறையாது. இரண்டாவது நிஜமான குறைவு. பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரி வெற்றிடம்தான். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, காலண்டர்.

கரு தரித்த நாளிலிருந்து பிரசவம்வரை சராசரி 266 நாள். 1942 ஏப்ரல் 10-ஆம் தேதியோடு 266-ஐக் கூட்டுங்கள். 1943 ஜனவரி 1 வரும்.

ஊர் காலியான ஏப்ரலுக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவில் பிறக்க வேண்டிய குழந்தைகள் எல்லாம் ஏற்கெனவே வயிற்றில் இருந்தவர்கள். எந்த ஜப்பான்காரனாலும் அவர்கள் வருவதைத் தள்ளிப்போட முடியாது, எங்கேயாவது பிறந்தே தீர வேண்டும். அந்த மாதங்களில் மயிலாப்பூர்ப் பதிவேட்டில் விழுந்த பள்ளத்துக்குச் சரியான மேடு கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் சித்தூரிலும் இருக்க வேண்டும். சித்தி பிறந்தது ஆனியில், அதாவது ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள். சந்தேகமே இல்லாமல் இடம் மாறியவர்.

ஜனவரிக்குப் பிறகு கதை வேறு. தாத்தா மயிலாப்பூரில் தனியாக, கிளப்பில் சாப்பிட்டுக்கொண்டு. பாட்டி கும்பகோணத்தில். இப்படிப் பிரிந்திருந்த மாதங்களுக்கு ஒன்பது மாதம் கழித்து வரும் பள்ளத்துக்கு எந்த ஊரிலும் மேடு கிடையாது. வருஷக் கணக்கை மட்டும் பார்த்தால் 1942, 1943 இரண்டும் "பிறப்பு குறைந்த வருஷங்கள்" என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மாதக் கணக்கைப் பிரித்தால்தான் முதலாவது ரயில்வே சங்கதி, இரண்டாவது குடும்பச் சங்கதி என்பது தெரியும்.

இந்த ஒன்பது மாத நிழலை உலகம் தெளிவாகப் பார்த்தது நெதர்லாந்தில். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவை மறித்ததில் மேற்குப் பகுதி நகரங்கள் பட்டினியில் வாடின. பஞ்ச மாதங்களில் பிரசவங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. விடுதலை கிடைத்து, ரொட்டியும் வெண்ணெயும் வந்து, 1945-ன் பிற்பாதியில் ஊரே நிமிர்ந்தபோதுதான் பிறப்புப் பதிவேட்டில் பள்ளம் விழுந்தது. பசியில் கருத்தரிக்காமல் போன குழந்தைகள் அவர்கள்.

அமெரிக்காவில் யுத்தம் முடிந்ததும் பிறப்பு மளமளவென்று ஏறியதைப் படித்திருப்பீர்கள். 1945-ல் 28 லட்சத்துச் சொச்சம், 1946-ல் 34 லட்சம். நம் ஊரில் அப்படி ஒரு எகிறல் இல்லை. தள்ளிப்போட்ட கல்யாணங்கள் இங்கே அதிகம் இல்லை. இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள் என்றாலும் நாற்பது கோடி ஜனத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

ஆண் குழந்தை வதந்தி

சண்டைக்குப் பிறகு ஆண் குழந்தை அதிகம் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இதில் கொஞ்சம் நிஜமும் இருக்கிறது. இரண்டு உலக யுத்தங்களையும் ஒட்டி ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஆண் குழந்தைகளின் பங்கு லேசாக ஏறியது. ஏன் என்று விதவிதமாக விளக்கம் சொல்கிறார்கள், ஒன்றும் எனக்குத் திருப்தி தரவில்லை.

சாதாரணமாக 100 பெண்ணுக்கு 105 ஆண் பிறக்கும். ஆண் கொஞ்சம் கூடுதல் என்பதை 1662-லேயே ஜான் கிராண்ட் என்ற லண்டன் துணி வியாபாரி, வாராந்தரச் சாவுச் சீட்டுகளையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் வைத்து எழுதிவிட்டார். யுத்தத்துக்குப் பின் 105 என்பது 106 ஆகலாம். ஆயிரம் குழந்தை பிறக்கும் நம் வட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம்? 512 ஆண் என்பது 515 ஆகும். மூன்று பேர். எந்த யுத்தமும் இல்லாமலேயே இந்த எண் வருஷத்துக்கு வருஷம் முப்பது வரைகூட முன்னும் பின்னும் ஆடும், ஆயிரம் முறை நாணயம் சுண்டிப் பாருங்கள் தெரியும். ஆகவே லட்சக்கணக்கில் பிறக்கும் ஒரு நாட்டில் தெரியும் விஷயம் மாம்பலத்தில் தெரியவே தெரியாது. எங்கள் தெருவில் அந்த வருஷம் ஒரே பையன்களாகப் பிறந்தார்கள் என்று யாராவது சொன்னால் மறுக்காதீர்கள், நம்பவும் வேண்டாம்.

கண்ணம்மாபேட்டைச் சீட்டு

பிறப்பை எழுதாமல் விடலாம். வீட்டில் மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுப் போனால் தெருவைத் தாண்டி யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதி கேட்பார்கள், ஜூன் 1 என்று ஏதோ சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தலைமுறையில் ஜூன் 1-ல் பிறந்தவர்கள் ஒரு வகுப்புக்கு நாலு பேராவது உண்டு, சரஸ்வதியின் அருள்.

சாவை அப்படி மறைக்க முடியாது. கிருஷ்ணாம்பேட்டையோ கண்ணம்மாபேட்டையோ, மயானத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். பெயர், வயது, என்ன வியாதி, எந்தத் தெரு என்று எழுதித்தான் ஆக வேண்டும். நகரங்களில் இறப்புப் பதிவு பிறப்புப் பதிவைவிடப் பெரும்பாலும் முழுமையாக இருந்ததற்கு இது ஒரு காரணம். இதிலும் ஒரு விபரீதம் உண்டு. பிறந்து பத்து நாளில் ஒரு குழந்தை போய்விட்டால், புதைக்கப் போன இடத்தில் சாவு எழுதப்படும். பிறப்பை எழுத அதற்குப்பின் யாருக்கு மனசு வரும்? மேலே ஒன்று ஏறும், கீழே ஏறாது. சிசு மரண விகிதம் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடும்.

அடுத்தது, எந்த ஊர்க் கணக்கு என்பது. செங்கல்பட்டிலிருந்து ஜி.எச்.சுக்கு வந்து இறந்தவர் சென்னைச் சாவு. காட்பாடியிலிருந்து எழும்பூருக்கு வந்து பெற்றால் அது சென்னைப் பிறப்பு. சம்பவம் நடந்த ஊரில் எழுதுவதை நிகழிடக் கணக்கு என்றும், ஆள் குடியிருக்கும் ஊரில் சேர்ப்பதை வாழிடக் கணக்கு என்றும் சொல்வோம். நம் பதிவேடு நிகழிடக் கணக்கு. மயிலாப்பூரில் 1949-ல் தொடங்கிய இசபெல் மருத்துவமனை மாதிரி நாலு பிரசவ ஆஸ்பத்திரி ஒரு வட்டத்தில் இருந்தால் அந்த வட்டத்துப் பெண்கள் ஓயாமல் பிள்ளை பெறுவதாகத் தோன்றும். ஆற்றுக்குத் தெற்கே, தோப்பும் துரவுமாக இருந்த அன்றைய அடையாறில் யாருமே பெறாத மாதிரி இருக்கும்.

சமாதான காலத்திலும் இந்தப் பதிவேடு கைகொடுத்தது, சமீபத்தில். 2020-ல் கொரோனாச் சாவுப் பட்டியலும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் ஒத்துப்போகவில்லை. ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, ஜூலை 22-ஆம் தேதி சென்னைக் கணக்கில் 444 சாவுகளைச் சேர்த்தார்கள். அவற்றைக் காட்டிக்கொடுத்தது மயானத்து நோட்டின் பேத்தியான அந்தப் பதிவேடுதான்.

எண்பத்திரண்டு சதவீதம்

1941-ல் சென்னை 7,77,481. 1951-ல் 14,16,056. பத்து வருஷத்தில் 82 சதவீதம். இதைக் காட்டி, யுத்தத்துக்குப் பின் பிள்ளை பெற்றே ஊர் இரட்டிப்பானது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப் போடுங்கள். ஆயிரத்துக்கு 40 பிறப்பு, 30 சாவு என்று வைத்தால் வருஷத்துக்கு ஆயிரத்தில் 10 கூடும். பத்து வருஷம் வட்டிக்கு வட்டி போட்டாலும் பத்தரை சதவீதம். 7.77 லட்சம் 8.6 லட்சம் ஆகும். பாக்கி ஐந்தரை லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? கொஞ்சம் பேர் பர்மாவிலிருந்து, நிறையப் பேர் யுத்தக் கால வேலைகளைத் தேடி ஜில்லாக்களிலிருந்து. இன்னும் ஒரு கூட்டம் எங்கிருந்தும் வரவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தார்கள். 1946-ல் நகர எல்லையை விரித்து, சைதாப்பேட்டையையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்தபோது எல்லைக் கோடு அவர்களைத் தாண்டிப் போனது. ராத்திரி செங்கல்பட்டு ஜில்லாக்காரராகப் படுத்தவர் காலையில் சென்னைவாசி.

தமிழில் பகுதி என்ற சொல்லுக்குப் பின்னத்தின் கீழ் எண் என்றும் அர்த்தம், ஊரின் ஒரு பாகம் என்றும் அர்த்தம். இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றே. எல்லைக் கோடு நகர்ந்தால் வகுக்கும் எண்ணும் நகர்ந்துவிடும். 2011 சென்சஸில் சென்னை 46,46,732 பேர் என்று எண்ணினார்கள், அதே வருஷம் நகரம் 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்தது. பத்து வருஷ வளர்ச்சி என்று யாராவது பெரிய எண் சொன்னால் எந்தக் கோட்டுக்குள் என்று முதலில் கேளுங்கள்.

கிழிபடும் படிவம்

போன மாதம் தெரிந்த வீட்டில் ஒரு பிரசவம். பெண்ணுக்கு வாழ்க்கைப்பட்ட இடம் தி.நகர், பிறந்த வீடு கோயம்புத்தூர். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அங்கே போனாள், அங்கேயே பெண் குழந்தை. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அது பாதகமில்லை. 21 நாளுக்குள் பிறப்பைச் சொன்னால் போதும், பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறப்புப் படிவம் இரண்டு பாதி. ஒரு பாதி சட்டத்துக்கு: தேதி, இடம், அப்பா அம்மா பெயர். அது பதிவாளரிடம் இருக்கும், சித்தி தேடிய சான்றிதழ் அதிலிருந்து வருவது. இன்னொரு பாதி கணக்குக்கு: தாயின் வயது, படிப்பு, எத்தனையாவது குழந்தை, தாய் வழக்கமாகக் குடியிருக்கும் ஊர். அந்தப் பாதி தனியே பிரிந்து, எண்களாக மாற, மேலிடத்துக்குப் போகும். நிகழிடக் கணக்கை வாழிடக் கணக்காக மாற்றும் சாவி, அந்தக் கடைசிக் கட்டம்தான்.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தவர் குழந்தையின் தாய்வழித் தாத்தா. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தக் கட்டத்தைப் படித்தார். பேனா நின்றது.

"குடியிருக்கும் ஊரா? நம்ம ஊர்தானே, இங்கதானே இருக்கா," என்றார்.

"அப்பா, தி.நகர்னு போடுங்க," என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"மூணு மாசமா இங்கதானேம்மா இருக்கே," என்று சொல்லிக்கொண்டே, கோயம்புத்தூர் என்று எழுதினார்.